சேலத்திலிருந்து நியுவே தீவுக்கு: போய்வர ஒரு முழு வழிகாட்டி

நியுவேக்குப் போக விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது விடுதியும் அல்ல, சுற்றுலா இடங்களும் அல்ல. ஆக்லாந்திலிருந்து அந்தத் தீவுக்குப் போகும் விமானத்தின் கிழமைகளைத்தான். வழக்கமாக வாரத்துக்கு இரண்டு முறைதான் ஏர் நியூசிலாந்து அங்கே போகிறது. வேறு வழி கிடையாது. பயணிகள் கப்பல் போக்குவரத்து இல்லை, பக்கத்துத் தீவுகளுக்கு இணைப்பு விமானமும் இல்லை. இருக்கை கிடைக்கும் நாளை வைத்துத்தான் விடுதி, விசா, சேலத்திலிருந்து கிளம்பும் தேதி, அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கும் விடுப்பு எல்லாவற்றையும் அமைக்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள்.

தீவைப் பற்றிக் கொஞ்சம். நியூசிலாந்துக்கு வடகிழக்கே சுமார் 2,400 கிலோமீட்டர் தொலைவில், டோங்கா, சமோவா, குக் தீவுகள் மூன்றுக்கும் நடுவே தனியாக நிற்கும் ஒற்றைத் தீவு. பரப்பு ஏறக்குறைய 260 சதுர கிலோமீட்டர். நம் ஏற்காடு வட்டத்தைவிடச் சிறியது. மக்கள் 1,700 பேர் அளவில். 14 கிராமங்கள், அலோஃபி என்ற தலைநகர், தீவைச் சுற்றி ஒரு சாலை. 1974 முதல் தன்னாட்சி. நியூசிலாந்தோடு இணைந்த நாடு என்பதால் நாணயம் நியூசிலாந்து டாலர்.

இது நாம் படங்களில் பார்த்துப் பழகிய வெண்மணல் தீவு அல்ல. கடலடியிலிருந்து மேலே தூக்கப்பட்ட பவளப்பாறை. கரையெங்கும் செங்குத்துப் பாறை, குகைகள், பிளவுகள். மணற்பரப்பு கைவிரலில் எண்ணக்கூடியது. ஆறோ ஓடையோ ஏரியோ இல்லை. பெய்யும் மழையைச் சுண்ணாம்புப்பாறை அப்படியே உள்வாங்கிக்கொள்கிறது. மண் கரைந்து கடலில் சேராததால்தான் அங்கே கடல்நீர் அவ்வளவு தெளிவு. மணலில் படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்பவர்களுக்கு மாலத்தீவே போதும். பாறையில் நடக்கவும், தெளிந்த நீரில் முகமூடி போட்டு நீந்தவும், கரையிலிருந்தே திமிங்கிலம் பார்க்கவும் ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக நியுவேக்குப் போகலாம்.

எப்போது போவது

மே முதல் அக்டோபர் வரை நல்ல காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் புயலும். 2004 ஜனவரியில் ஹேட்டா புயல் அலோஃபியின் தென்பகுதியையும் மருத்துவமனையையும் அழித்துவிட்டுப் போனது. புயல் மாதங்களில் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று துணியும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூன்முதுகுத் திமிங்கிலங்கள் ஜூலை முதல் அக்டோபர் வரை வரும். கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே கடல் ஆழமாகிவிடுவதால், அவை பாறை விளிம்புக்கு மிக அருகே வருகின்றன. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகையைத் தவறவிட மனமில்லாத சேலத்துக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். பண்டிகை முடிந்து ஆகஸ்ட் பிற்பகுதியில் கிளம்பினாலும் திமிங்கிலங்கள் இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் காலாண்டு விடுமுறையைக் கணக்குப் போடுவார்கள். அந்த விடுமுறை மட்டும் போதாது. முன்னும் பின்னும் சில நாட்கள் சேர்த்தால்தான் முடியும். அதே சமயம் நியூசிலாந்திலும் செப்டம்பர் இறுதி, அக்டோபர் தொடக்கத்தில் பள்ளி விடுமுறை வருவதால் இருக்கைகள் சீக்கிரம் தீரும். அந்த நாட்களுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள்.

தேதிக் குழப்பம்

நியூசிலாந்துக்கும் நியுவேக்கும் நடுவே சர்வதேசத் தேதிக் கோடு ஓடுகிறது. நியூசிலாந்தின் குளிர்காலத்தில் நியுவே 23 மணி நேரம் பின்தங்கியிருக்கும். உதாரணத்துக்கு, ஆக்லாந்தில் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் புறப்பட்டு மூன்றரை மணி நேரம் பறந்தால், நியுவேயில் இறங்கும்போது வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.30. திரும்பும்போது இதற்கு நேர்மாறு. நியுவேயில் வெள்ளி பிற்பகல் 3.30-க்கு ஏறினால் ஆக்லாந்தில் சனி மாலை 6 மணி.

இதில் நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான். சனிக்கிழமை விமானம் என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு, விடுதியைச் சனி இரவிலிருந்து பதிவு செய்துவிடுகிறார்கள். போய் இறங்கும் வெள்ளி இரவுக்கு அறை இருக்காது. விடுதி பதிவு செய்யும்போது டிக்கெட்டில் ‘வந்து சேரும்’ தேதியை மட்டும் பாருங்கள். ஊருக்குப் போன் செய்ய ஒரு கணக்கு: நியுவேயில் இரவு 7.30 என்றால் சேலத்தில் மறுநாள் பகல் 12 மணி. காலை 6 மணி என்றால் சேலத்தில் அதே நாள் இரவு 10.30.

விசா: இரண்டு முறை நுழைய வேண்டும்

நியுவேக்கு 30 நாள் வரை தங்க முன்கூட்டியே விசா வாங்கத் தேவையில்லை. திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் காட்டினால் போதும். சிக்கல் நியூசிலாந்தில்தான் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஆக்லாந்தில் விமானம் மாறவே விசா வேண்டும். இடைவழி விசா 24 மணி நேரத்துக்குத்தான், அதுவும் விமான நிலையத்தை விட்டு வெளியே வர முடியாது. வாரம் இரண்டு விமானம் உள்ள ஊருக்குப் போகிறவருக்கு அது உதவாது. பார்வையாளர் விசாவே வாங்குங்கள்.

விசா கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியது, எத்தனை முறை நுழையலாம் என்பதை. நியூசிலாந்தோடு இணைந்திருந்தாலும் குடிநுழைவில் நியுவே தனி நாடு. அங்கே போகும்போது நியூசிலாந்தை விட்டு வெளியேறுகிறீர்கள். திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா என்றால் நியுவேயிலிருந்து திரும்பும் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். விண்ணப்பத்தோடு கொடுக்கும் கடிதத்தில் ‘ஆக்லாந்து வழியாக நியுவே போய், மீண்டும் ஆக்லாந்து வழியாகத் திரும்புகிறேன்’ என்று தேதிகளோடு தெளிவாக எழுதுங்கள். தேதிக் கோட்டைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள். சனிக்கிழமை கிளம்பி வெள்ளிக்கிழமை சேர்வது பார்ப்பவருக்குப் பிழையாகத் தெரியக்கூடாது.

விண்ணப்பம் இணையத்தில்தான். ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். பட்டா, சிட்டா, வருவாய்ச் சான்று, கூட்டுறவு வங்கிப் பாஸ்புக் எனத் தமிழில் உள்ள எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். சேலம் பக்கம் நிலம், தறி, மளிகை மொத்த வியாபாரம் என்று இருப்பவர்கள் இதில்தான் தேங்கிப்போகிறார்கள், ஏனென்றால் அவர்களுடைய சொத்து ஆவணம் பெரும்பாலும் தமிழில் இருக்கும். மாதத்துக்கு ஆளுக்கு 1,000 நியூசிலாந்து டாலர் கையில் இருப்பதைக் காட்ட வேண்டும். தங்குமிடத்துக்கு முன்பே பணம் கட்டியிருந்தால் 400 டாலர் போதும். பாஸ்போர்ட், நியூசிலாந்தை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்ல வேண்டும். இரண்டரை மாதத்துக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். விசா வரும்வரை பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் எதையும் எடுக்க வேண்டாம்.

சேலத்திலிருந்து ஆக்லாந்து வரை

சிங்கப்பூர் வழி எளிது. சிட்னி, மெல்பர்ன் வழியாக மலிவான டிக்கெட் கண்ணில் படும். ஆஸ்திரேலியாவில் விமானம் மாறவும் இந்தியர்களுக்கு விசா வேண்டும் என்பது அங்கே எழுதியிருக்காது. இன்னொரு விசாவுக்கு அலைவதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்து சிங்கப்பூர் வழியாகப் போவது மேல். இந்தியாவிலிருந்து ஆக்லாந்து வரை ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். தனித்தனி டிக்கெட் என்றால் சிங்கப்பூரில் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

சேலத்திலிருந்து சென்னையா பெங்களூரா என்ற கேள்விக்கு எங்கள் பதில் சென்னைதான். பெங்களூரு 200 கிலோமீட்டர்தான் என்றாலும், விமான நிலையம் ஊருக்கு அந்தப் பக்கம் தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூர் தாண்டியபின் நகரத்தை முழுக்கக் கடக்க வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சென்னைப் பேருந்தோ காரோ ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, தாம்பரம் வழியாக வருவதால் நகரத்துக்குள் நுழையாமலே விமான நிலையம் இருக்கும் திரிசூலம் போய்விடலாம். பேருந்து கிளாம்பாக்கத்தோடு நின்றாலும் அங்கிருந்து விமான நிலையம் பக்கம்தான். காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்திலிருந்து போகும் சிறிய விமானத்தை நம்பிச் சர்வதேச விமானத்தைப் பிடிக்கத் திட்டமிட வேண்டாம். அது ரத்தானால் அன்றைய தேதியே போய்விடும்.

ஆக்லாந்தில் போகும்போது ஒரு முழு நாளாவது இடைவெளி விடுங்கள், இரண்டு இரவு என்றால் இன்னும் நல்லது. நியுவே விமானத்தைத் தவறவிட்டால் அடுத்தது மூன்று, நான்கு நாட்கள் கழித்துத்தான். டிக்கெட்டில் பெட்டிக்கு இடம் உண்டா என்றும் பாருங்கள். இருக்கை மட்டும் உள்ள மலிவு டிக்கெட்டில் பெட்டி சேராது, பிறகு சேர்த்தால் கையைக் கடிக்கும்.

பெட்டியில் என்ன வைக்கக்கூடாது

நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் ஆக்லாந்து விமான நிலையத்தின் உயிரியல் பாதுகாப்புச் சோதனை. அறிவிக்காமல் கொண்டுபோன ஒரு மாம்பழத்துக்கு அங்கேயே 400 டாலர் அபராதம். எடுத்துப் போவதில் தவறில்லாத பொருளையும் அறிவிக்காமல் போவதுதான் குற்றம். அதனால் சாப்பிடும் பொருள் எதுவாக இருந்தாலும் நியூசிலாந்து பயணி அறிவிப்புப் படிவத்தில் ‘இருக்கிறது’ என்று எழுதுங்கள். அறிவித்தபின் அதிகாரி வேண்டாம் என்றால் குப்பையில் போடுவார், அபராதம் இல்லை.

வீட்டிலேயே விட்டுவிட வேண்டியவை: மல்கோவா, சேலம் குண்டு எந்த மாம்பழமானாலும். மலைத்தேன். நெய், பால்கோவா, பாலில் செய்த இனிப்பு. கறிவேப்பிலை. முழுக் கொத்தமல்லி, வெந்தயம், முழுப் பயறு போன்ற முளைக்கக்கூடிய விதைகள். வறுக்காத காப்பிக்கொட்டை. பூஜைக்கான மாலை, அருகம்புல், வில்வம்.

அறிவித்துவிட்டுக் கொண்டுபோகக்கூடியவை: கடையில் வாங்கிய, பிரிக்காத, தேதி அச்சிட்ட சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, வறுத்து அரைத்த ஏற்காட்டுக் காப்பித்தூள், உலர்ந்த மிளகு, ஜவ்வரிசி, தட்டுவடை. வீட்டில் அரைத்த பொடியை அடையாளம் இல்லாத உறையில் கட்டிக்கொண்டு போனால் உள்ளே என்ன இருக்கிறது என்று நிரூபிக்க முடியாது. ஒரு வாரத்துக்கு ஆளுக்கு 200 கிராம் பொடி போதும்.

இனி காலணி. ஏற்காட்டில் நடந்து பழகிய பூட்ஸையே நியுவேக்கும் எடுத்துப் போவீர்கள். அதன் அடிப்பள்ளங்களில் சேர்வராயன் மலைச் செம்மண்ணும் காப்பித் தோட்டத்து இலைத்தூளும் ஒட்டியிருக்கும். சோதனையில் அவர்கள் பூட்ஸைத் திருப்பிப் பார்ப்பது அதற்காகத்தான். மண்ணோடு பூஞ்சையும் பூச்சி முட்டையும் போகும். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு பள்ளமாகத் தேய்த்து, நாக்குத் துணியின் அடியில் சேர்ந்த விதை முட்களைப் பிடுங்கி, சோப்பு நீரில் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவையுங்கள். ஈரமாகப் பெட்டியில் வைத்தால் நாற்றமெடுக்கும், சுத்தம் செய்தது போலவும் தெரியாது. நடைக்கோல் நுனியையும் மறக்க வேண்டாம். தோட்டத்திலோ மாட்டுத்தொழுவத்திலோ வேலை செய்கிறவர்கள் அதையும் படிவத்தில் குறிப்பிட வேண்டும்; இந்தியாவில் கோமாரி நோய் இருப்பதால் கேட்கிறார்கள்.

யாருக்காவது அன்பளிப்பு கொடுக்க வேண்டுமென்றால் உணவை விட்டுவிட்டுத் துணியோ வெள்ளியோ கொண்டுபோங்கள். சேலம் வெண்பட்டு அங்கவஸ்திரமோ செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசோ எடை குறைவு, எந்தச் சோதனையிலும் பிரச்சினை வராது. வாங்குகிறவருக்கும் அது நம் ஊர்ப் பொருள்.

பணம், போன், மின்சாரம்

நியுவேயில் ஏடிஎம்மை நம்பிப் போக வேண்டாம். ஆக்லாந்தில் இருக்கும்போதே நியூசிலாந்து டாலர் நோட்டுகளாக எடுத்துக்கொள்ளுங்கள். 5, 10, 20 நோட்டுகள் அதிகமாக இருக்கட்டும். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது. வங்கிச் செயலியில் நீங்களே திறந்து, உச்சவரம்பு வைக்க வேண்டும். இதைச் சேலத்திலேயே செய்யுங்கள். தீவில் உங்கள் இந்திய சிம்முக்கு ஓடிபி வராமல் போகலாம். அப்போது அட்டை இருந்தும் பயனில்லை. விடுதி, வாடகைக் கார், திமிங்கிலப் படகு எல்லாவற்றுக்கும் முன்பே கட்டிவிடுவது நிம்மதி. அங்கே போனதும் உள்ளூர் சிம் வாங்கிக்கொள்ளலாம்.

மின்னழுத்தம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட். சாய்ந்த இரண்டு முனை கொண்ட நியூசிலாந்து வகை அடாப்டர் மட்டும் வேண்டும்.

மருந்துக்கு மருத்துவர் சீட்டு கையோடு இருக்கட்டும், தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுங்கள், இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். தீவில் ஒரே ஒரு சிறிய மருத்துவமனைதான். பெரிய சிகிச்சை என்றால் விமானத்தில் நியூசிலாந்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். காப்பீட்டுப் பத்திரத்தில் ‘மருத்துவ வெளியேற்றம்’ என்ற வரி இருக்கிறதா, அதில் நியுவே அடங்குமா என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சாப்பாடு

சைவக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் திட்டமிட வேண்டும். அங்கே முக்கிய உணவு சேப்பங்கிழங்கு. மரவள்ளி, பப்பாளி, தேங்காய், ஈரப்பலா எல்லாம் விளைகின்றன. ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளிக்காட்டில் வளர்ந்தவருக்கு அந்தத் தோட்டங்கள் அந்நியமாகத் தெரியாது. சேப்பங்கிழங்கையும் பப்பாளியையும் வில்லை வில்லையாக அடுக்கி, தேங்காய்ப்பால் ஊற்றி, இலையில் சுற்றி மண்ணடுப்பில் சுடும் தகீஹி என்ற பண்டம் முழுச் சைவம். கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். சேம்பு இலையை நீங்களே சமைத்தால் நன்றாகக் குழைய வேகவையுங்கள். அரைவேக்காட்டில் தொண்டை அரிக்கும்.

மற்றதெல்லாம் கப்பலில் வருவது. ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை ஆக்லாந்திலிருந்து சரக்குக் கப்பல் வரும். தீவில் துறைமுகம் கிடையாது. கப்பல் வெளியே நிற்க, மிதவையில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். கடல் கொந்தளித்தால் அதுவும் தள்ளிப்போகும். கப்பல் வருவதற்கு முந்தைய வாரத்தில் வெங்காயம், உருளைக்கிழங்கு, காய்கறி அலமாரிகள் காலியாக இருக்கும். சமையலறை உள்ள அறையாகப் பிடித்து, அலோஃபியின் அதிகாலைச் சந்தை எந்தக் கிழமை என்று விடுதியில் கேட்டு, விடியும்போதே போய்விடுங்கள். பொழுது ஏறிப் போனால் எதுவும் மிஞ்சாது.

பாறையும் கடலும்

தீவின் அழகெல்லாம் இங்கேதான். ஆபத்தும் இங்கேதான்.

நியுவேயின் பவளப்பாறை தேங்காய் துருவியின் பல் போலிருக்கும். தடுக்கி விழுந்து கையை ஊன்றினால் உள்ளங்கை கிழியும். சேர்வராயன் மலையின் கற்கள் மழையில் வழுக்கும், ஆனால் உருண்டு தேய்ந்தவை. அந்தப் பழக்கத்தில் இங்கே கால் வைக்கக்கூடாது. செருப்பு உதவாது. நடைவழிகளுக்குத் தடித்த அடியுள்ள பூட்ஸ், நீருக்குள் இறங்கக் கெட்டியான அடியுள்ள கடற்காலணி என இரண்டும் வேண்டும். கடற்காலணி கிடைக்காவிட்டால் பழைய கேன்வாஸ் ஷூவை அதற்கென்றே ஒதுக்குங்கள். பயிற்சிக்குக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வார இறுதிகளில் கிளியூர் அருவிப் பாதையில் இறங்கி ஏறுங்கள். முழங்காலும் கணுக்காலும் ஏற்ற இறக்கத்துக்குப் பழகும்.

பவளம் கீறினால் சின்னக் காயம் என்று விடாதீர்கள். நுண்ணிய பவளத் துகள் உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும். நல்ல தண்ணீரை ஊற்றி, மென்மையான தூரிகையால் தேய்த்துத் துகளை வெளியேற்றி, போவிடோன் அயோடின் தடவி, அன்று முழுக்க அந்தக் காலைக் கடலில் நனைக்காமல் வையுங்கள். 100 மில்லி போவிடோன் அயோடின், ஒட்டாத பஞ்சுத் துணி பத்து, சுற்றுத்துணி இரண்டு சேலத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். ஆழத்துக்கு அவர்கள் அஞ்ச மாட்டார்கள். ஆனால் கிணற்றுநீர் எங்கும் இழுக்காது, கடல் இழுக்கும். பவளத்திட்டின் மேல் அலை ஏறி விழும் நீர், ஏதாவது ஒரு கால்வாய் வழியாகத்தான் திரும்பக் கடலுக்கு ஓடும். நீர் தெளிவாக, அலையில்லாமல் அமைதியாகத் தெரியும் இடம்தான் பெரும்பாலும் அந்தக் கால்வாய். அதில் சிக்கினால் எதிர்த்து நீந்தாதீர்கள், பக்கவாட்டில் நகருங்கள்.

கடற்குளங்களுக்குப் போகும் நேரத்தை வற்றுநீரை வைத்து முடிவு செய்யுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன் இறங்கி, நீர் ஏறத் தொடங்கியதும் கரையேறிவிடுங்கள். மேற்கிலிருந்து பெரிய அலை வரும் நாளில் வற்றுநீரானாலும் இறங்க வேண்டாம். கிழக்குக் கரையில் நீச்சலே கூடாது.

முகமூடியை வாங்குமுன் பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்தபின் தானாக நின்றால் பொருந்துகிறது. மீசை வைத்தவர்களுக்கு மேலுதட்டில் நீர் கசியும். சிலிக்கான் முகமூடி என்றால் மீசையில் மெல்லிய வாஸ்லின் தடவினால் நிற்கும். ரப்பர் முகமூடிக்கு அதைத் தடவ வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் பவர் உள்ள முகமூடியை முன்பே சொல்லிச் செய்துகொள்ளுங்கள். வெயிலுக்குக் களிம்பைவிட முழுக்கைச் சட்டை நல்லது. மூடிய குளங்களில் களிம்பு கரைந்து தங்கிவிடுகிறது.

முதல் நாள் நமுக்குலு பக்கம் உள்ள லிமு குளங்களில் தொடங்குங்கள். பாறைக்குள்ளிருந்து ஊறும் நல்ல நீர் கடல்நீரோடு கலக்கும் இடத்தில் கண்ணுக்கு முன்னால் எல்லாம் கலங்கலாகத் தெரியும். முகமூடியில் கோளாறு இல்லை, இரண்டு நீருக்கும் அடர்த்தி வேறு. ஓர் அடி கீழே போனால் தெளிந்துவிடும். மறுநாள் ஹிக்குத்தவாக்கேயிலிருந்து மத்தாபா பிளவு, அதே இடத்திலிருந்து தலாவா வளைவுகள். மக்கேஃபு பக்கம் அவாய்க்கி குகை, வற்றுநீரில் மட்டும். தோங்கோ பிளவைக் கடைசியில் வையுங்கள். ஹுவாலு காட்டுக்குள் நடந்து, கூரிய கரும்பாறைக் காட்டைக் கடந்து, ஏணியில் இறங்கினால் பாறைச் சுவர்களுக்கு நடுவே மணலும் தென்னையும். தீவிலேயே மறக்க முடியாத இடம் அதுதான் என்று சொல்லத் தயங்க மாட்டோம். காலையில் போங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். வழியில் ஓடை இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

நீரில் உடலில் வரி வரியாகப் பட்டை உள்ள பாம்புகள் வரும். கத்துவாலி என்பார்கள். விஷம் உண்டு, ஆனால் தானாகக் கடிக்க வராது. விரட்டாமல், தொடாமல் அப்படியே மிதந்தால் போய்விடும்.

திமிங்கிலம் பார்க்க உரிமம் பெற்றவர்களின் படகில் மட்டும் போங்கள். படகை அலோஃபி மேடையிலிருந்து கிரேன் வைத்துத்தான் கடலில் இறக்குகிறார்கள். அலை கூடினால் இறக்க முடியாது, அன்றைய பயணம் ரத்து. அதனால் படகைத் தங்கலின் முதல் இரண்டு நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போனாலும் வேறு நாள் மீதமிருக்கும்.

ஊர் நடப்பு

ஞாயிற்றுக்கிழமை தீவு முழுக்கத் தேவாலயத்துக்குப் போகும். அன்று படகோ மீன்பிடியோ கிடையாது, கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமையே சாப்பாட்டுக்கு வாங்கி வையுங்கள். யார் வேண்டுமானாலும் வழிபாட்டுக்குப் போகலாம், பாட்டுக்காகவே போகலாம். புடவை, சுடிதார், வேட்டி சட்டை எதுவும் பொருந்தும். இடுப்பில் துணி கட்டும் வழக்கம் பாலினேசியா முழுக்க உண்டு. நீச்சலுடையோடு கிராமத்துக்குள்ளோ கடைக்குள்ளோ போகக்கூடாது.

சாலையோரத்தில் வீட்டுக்கு முன்னால் கல்லறைகள் இருக்கும். அவற்றின் மேல் ஏறுவதோ உட்காருவதோ படம் எடுப்பதோ வேண்டாம். கடற்கரைக்கு இறங்கும் பாதையில் தென்னங்கீற்று கட்டியிருந்தால், மீன்வளம் பெருக அந்தக் கரையைக் கிராமம் கொஞ்ச நாளுக்கு மூடிவைத்திருக்கிறது என்று பொருள், திரும்பிவிடுங்கள்.

கார் இல்லாமல் தீவைப் பார்ப்பது கடினம். இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதனால் நமக்குச் சிரமமில்லை. நம் ஊர் உரிமத்தை அலோஃபி காவல் நிலையத்தில் காட்டி, கட்டணம் கட்டி, உள்ளூர் உரிமம் வாங்க வேண்டும். கிராமத்துக்குள் 40, வெளியே 60 கிலோமீட்டர் வேகம். எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்காரரும் கையசைப்பார், நீங்களும் அசையுங்கள். யாரைப் பார்த்தாலும் ‘ஃபக்கஅலோஃபா லாஹி அத்து’ என்று வணக்கம் சொன்னால் முகம் மலரும்.

திரும்பும்போது

ஆக்லாந்தில் மறுபடியும் நியூசிலாந்து பயணி அறிவிப்புப் படிவம் நிரப்ப வேண்டும். போகும்போது நிரப்பியது செல்லாது. நியுவேப் பெண்கள் முடையும் தாழையோலைக் கூடையும் தொப்பியும் வாங்கினால் அறிவியுங்கள். பவளம், பெரிய சிப்பி, கரையில் பொறுக்கிய எதையும் பையில் போட வேண்டாம். பூட்ஸை விடுதியிலேயே மறுபடி கழுவிவிடுங்கள்.

நியுவேயில் வெள்ளிக்கிழமை பிற்பகல் ஏறினால் ஆக்லாந்தில் சனி மாலை. அன்றிரவே அடுத்த விமானம் என்று திட்டமிடாமல், ஒரு இரவு தங்கி ஞாயிறு கிளம்புங்கள். எல்லாம் சரியாக நடந்தால் திங்கள் காலை சேலத்தில் இருப்பீர்கள். நியுவே விமானம் வானிலையால் தள்ளிப்போகவும் இடமிருப்பதால், விடுப்பு விண்ணப்பத்தில் வியாழக்கிழமை முதல் வேலைக்கு வருவதாக எழுதுங்கள்.